பின்னிருக்கையில் ஒரு கதை இருக்கிறது
(பினாங்கு இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள ஆசிரியர்களே,



‘மாலையில் களைப்புடனும் மகிழ்ச்சியுடனும் வீடு திரும்பினோம்.’ இந்த வாக்கியத்தில் முடியாத சுற்றுலாக் கட்டுரை ஒன்றைக் கடைசியாக எப்போது திருத்தினீர்கள்? படிவம் ஒன்றிலிருந்து ஐந்து வரை அதே கட்டுரைதான் வருகிறது. கதிரவன் செங்கதிர் பரப்புகிறான், இளந்தென்றல் மேனியைத் தழுவுகிறது, ஏழு மணிக்குப் பேருந்து புறப்படுகிறது. போன இடமெல்லாம் கண்கொள்ளாக் காட்சி. நண்பகலில் வயிறார உண்கிறார்கள். லங்காவிக்குப் போனவரும் கேமரன் மலைக்குப் போனவரும் ஒரே பேருந்தில் போய்வந்ததுபோல் எழுதுகிறார்கள்.

சிறுகதை எழுதச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். சாலை விபத்து, புற்றுநோய், பெற்றோர் சொல் கேளாமல் கெட்டுப்போன மகன், எல்லாம் கனவு என்று விழித்துக்கொள்ளும் முடிவு. பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கதை என்பது எங்கோ யாருக்கோ நடக்கும் பெரிய துயரம் என்று தோன்றிவிட்டது. தன்னைச் சுற்றி நடப்பதைக் கதையாக எழுதலாம் என்று அவனுக்கு நாம் சொல்லவில்லை. ‘கண்கொள்ளாக் காட்சி’க்குக் கீழே சரி போட்டது நாம்தான். அழகான தொடர்களை மனனம் செய்யச் சொல்லிப் பட்டியல் அடித்துக் கொடுத்ததும் நாம்தான்.

நான் கேட்பது ஒன்று. புனைவெழுத்தைப் பயணத்திலிருந்து தொடங்குங்கள். பள்ளிச் சுற்றுலாவைச் சொல்லவில்லை. காரில், வேனில், மோட்டாரில், பேருந்தில், பெர்ரியில் பிள்ளைகள் உண்மையாகவே போய்வந்த வழியைக் கதையாக எழுதச் சொல்லுங்கள்.

ஏன் பயணம்? புதிதாக எழுத வருகிறவருக்கு மிகக் கடினமானது கதையின் வரிசை. எங்கே தொடங்குவது, அடுத்து என்ன, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் பிள்ளைகள் மனனம் செய்த தொடர்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். சாலை அந்த வரிசையைத் தானே தந்துவிடுகிறது. பாலம் முதலில், ஜூரு டோல் பிறகு, தைப்பிங் அப்புறம்தான். இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஆளுக்கொரு அறையில், ஆளுக்கொரு கைப்பேசியோடு இருக்கும் குடும்பம் காரில் ஏறினால் ஒரே பெட்டிக்குள் அடைபடுகிறது. யாரும் எழுந்து போக முடியாது. மூன்று மணி நேரத்தில் பழைய சண்டை ஒன்று வரும், பழைய பாட்டு ஒன்று வரும், அதுவரை பிள்ளைகள் கேள்விப்படாத ஒரு பெயர் அப்பா வாயிலிருந்து வரும். சிறுகதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். படிவம் நான்கில் ஒரு மாணவன். தீபாவளிக்குத் தைப்பிங்கில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போனதை எழுதியிருந்தான். வழக்கம்போல் கதிரவன், தென்றல், மகிழ்ச்சி. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். ‘நீ எங்கே உட்கார்ந்திருந்த?’ பின்னால், நடுவில். ‘ஜன்னலோரம் யாரு?’ அக்காவும் தம்பியும். ‘அப்போ உனக்கு வெளியே என்ன தெரிஞ்சுது?’ யோசித்தான். ‘ஒன்னும் தெரியல சார். நான் கீழேயே பாத்துக்கிட்டு இருந்தேன்.’ ‘ஏன்?’ ‘மீன் குழம்புச் சட்டி என் கால்கிட்ட இருந்துச்சு.’

அம்மா விடியற்காலையில் எழுந்து பாட்டிக்காக வைத்த குழம்பு. மூடியை நாளிதழால் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, துண்டின்மேல் வைத்து, அவன் இரு பாதங்களுக்கும் நடுவில் இறுக்கிவிட்டிருக்கிறார். பாலத்தின் மேட்டில் ஏறும்போது ஒரு தடவை, நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி பிரேக் பிடித்தபோது ஒரு தடவை, சட்டி நகர்ந்தது. இரண்டு தடவையும் அம்மா முன்னிருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டியைத்தான் பார்த்தார். ஊர் போய்ச் சேர்ந்ததும் பாட்டி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, ‘புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு’ என்றாராம். அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம்.

இதை எழுது என்றேன். ‘இதையா சார்?’ என்று கேட்டான். அடுத்த வாரம் கொண்டுவந்த கதையில் தைப்பிங் ஏரி இல்லை, கண்கொள்ளாக் காட்சி இல்லை. சட்டியும் அம்மாவும் பாட்டியும், காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பையனும் இருந்தார்கள். மருமகள், மாமியார் என்ற சொற்கள் ஓரிடத்திலும் வரவில்லை. ஆனாலும் படித்த எல்லோருக்கும் விளங்கியது. எழுத்துப்பிழைகள் இருந்தன, சந்தி தவறியிருந்தது. அவற்றைப் பிறகு சரிசெய்தோம். அந்தப் பையனிடம் கதை ஏற்கெனவே இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் ஆசிரியரின் முதல் வேலை கேட்பது என்கிறேன். ‘பயணத்தைப் பற்றி எழுது’ என்றால் சுற்றுலாக் கட்டுரைதான் வரும். எந்த இருக்கை, யார் பக்கத்தில், மடியில் என்ன, வண்டிக்குள் என்ன வாசனை, ரேடியோவில் என்ன, யார் தூங்கினார், யார் தூங்குவதுபோல் நடித்தார் என்று கேளுங்கள். எங்கெங்கே நிறுத்தினார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். வண்டி ஓடும்போது கதை உள்ளேயே கிடக்கும். நிறுத்தத்தில்தான் வெளியே வரும். சுங்கை பேராக் ஆர் அண்ட் ஆரில் அப்பா தனியாக நின்று யாரிடமோ கைப்பேசியில் பேசியது, பெட்ரோல் நிலையத்தில் மாமா காசு கொடுக்க வந்ததை அப்பா தடுத்தது, டோலில் டச் அண்ட் கோ அட்டையில் காசு இல்லாமல் தடுப்பு உயராமல் நின்றது, பின்னால் வரிசையாக ஹாரன் ஒலித்தது, அம்மா கைப்பையைக் கிளறியது. ஒவ்வொன்றும் ஒரு கதையின் நடுப்பகுதி.

தீவில் வசிக்கும் மாணவி ஒருத்தி எழுதினாள்: ஊரைவிட்டுப் போகும்போது பாலத்தில் யாரும் காசு கேட்பதில்லை, திரும்பி வரும்போதுதான் கேட்கிறார்கள். இரண்டு பாலங்களிலும் தீவை நோக்கி வரும் வண்டிகளுக்குத்தான் கட்டணம் என்பது பினாங்கில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வெளியூரில் வேலை தேடிப்போன அண்ணனைப் பற்றிய கதையில் அவள் அதைக் கொண்டுபோய் வைத்த இடத்தில் அந்தச் செய்திக்கு வேறு கனம் வந்துவிட்டது. உவமை, உருவகம் என்று இலக்கணத்தில் நாம் நடத்துவதை அவள் யாரும் சொல்லாமலே செய்திருந்தாள்.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே நம்மிடையே கருத்து வேறுபாடு வரும் என்று தெரியும். காருக்குள் நம் குடும்பங்கள் செந்தமிழில் பேசுவதில்லை. ‘பா, ஜாம்ல மாட்டிக்கிட்டோமா?’ என்று பிள்ளை கேட்கும். ‘தாப்பா போய்ச் சாப்டுக்கலாம் லா’ என்று அப்பா சொல்வார். இதை ‘தந்தையே, நாம் போக்குவரத்து நெரிசலில் சிக்கிக்கொண்டோமா?’ என்று மாற்றி எழுதச் சொன்னால் அந்த அப்பா செத்துப்போவார். கதை சொல்கிறவரின் நடை எழுத்துத் தமிழாக இருக்கட்டும், அதில் நான் கண்டிப்பானவன். மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சு, பேசுகிறவருடையதாக இருக்கட்டும். 1950களில் கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமியின் கதைகளில் கரிசல்காட்டு மனிதர்கள் கரிசல் பேச்சில்தான் பேசுகிறார்கள். அதனால் அவர் தமிழ் கெட்டுவிடவில்லை. மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்ற அளவைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க மேற்கோள் குறியைவிட நல்ல இடம் இல்லை.

வழிநடைக் கதை அமெரிக்கச் சினிமாவிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நெடும்பாடல்களில் பாதி வழிநடைப் பாடல்கள். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், இன்னும் போகாத ஒருவரை வழியில் சந்தித்து, இப்படிப் போ, இன்னார் வருவார், இன்னது தருவார் என்று சொல்லும் அமைப்பு. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு கிடைக்கும். பெரும்பாணாற்றுப்படையில் கழுதைகள் மிளகுப் பொதி சுமந்து போகும், சுங்கம் வாங்கும் பெருவழியை வில்வீரர்கள் காப்பார்கள். டோல் சாவடியைத் தமிழ்க் கவிஞன் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே பாடிவிட்டான் என்றால் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். மலைபடுகடாமில் வழியின் ஆபத்தெல்லாம் வருகிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், யானையை விரட்டக் குறவர் எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், அப்போது எதன் பின்னால் ஒதுங்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார் பெருங்கௌசிகனார். போய்வந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடியவை இவை.

இதையே ஒரு பயிற்சியாக வைத்துப் பாருங்கள். தன் வீட்டிலிருந்து தாத்தா வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ போகும் வழியை, அங்கே இதுவரை போகாத ஒரு நண்பனுக்கு மாணவர் சொல்ல வேண்டும். முன்னிலையில், எதிர்காலத்தில். ‘நிபோங் திபால் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு கோயில் வரும், அங்கே நிற்காதே. பாரிட் புந்தாரில் என் பெரியம்மா உன்னைச் சாப்பிடாமல் விடமாட்டார். அவர் மகனைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதே.’ ‘நான்’ என்று தொடங்கினால் கூச்சத்தில் முடங்கும் பிள்ளைகள் ‘நீ’ என்று தொடங்கும்போது தடையின்றி எழுதுகிறார்கள். பெயர்கள், இடங்கள், உணவு, எச்சரிக்கை எல்லாம் தாமாக வந்து விழுகின்றன. தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு ஆற்றுப்படை அதன்பின் தேர்வுக்கு மனனம் செய்யும் இலக்கணக் குறிப்பாக இருக்காது.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1994இல் அது முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு நம் பயணங்கள் விரைவாயின. பிள்ளைகளுக்கு வழியில் உள்ள ஊர்கள் பெயர்ப்பலகையாகச் சுருங்கின. சுங்கை பாக்காப், நிபோங் திபால், பாகான் செராய் என்று பழைய சாலையில் ஒருமுறையாவது போய்வரச் சொல்லுங்கள். அல்லது அப்பாவிடம், பழைய சாலையில் ஈப்போவுக்குப் போக எவ்வளவு நேரமாகும், எங்கே நின்று தேத்தண்ணி குடித்தீர்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் கார் இல்லை. விடுமுறையில் எங்கும் போகாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை, அப்பா லாரி ஓட்டுகிறார், வீடு மலிவுவிலை அடுக்குமாடியில். ‘விடுமுறையில் நான் சென்ற இடம்’ என்ற தலைப்பு அந்தப் பிள்ளையை வகுப்பின் நடுவே தலைகுனிய வைக்கிறது. அவன் பொய் எழுதுவான். லங்காவிக் கட்டுரைகள் சில அப்படித்தான் பிறக்கின்றன.

அவனிடம் பெரிய பயணங்கள் இருக்கின்றன. நம் சமூகமே பயணத்தில் உருவானது. கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்தக் கரையில் இறங்கியிருப்பார். ரஜூலா கப்பல் 1926இல் கட்டப்பட்டது, 1970களின் தொடக்கம் வரை தமிழர்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு வந்துபோனது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் கண் கலங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ அந்தப் பயணத்தின் நாவல். அதன்பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, குடும்பங்கள் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வந்தன. தோட்டத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு வந்த அந்த லாரிப் பயணத்தைத் தமிழில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்? லாரியின் பின்னால் சாமான்களோடு யார் உட்கார்ந்து வந்தார்கள்? கோழிகளை என்ன செய்தார்கள்? சாமிப் படத்தை யார் மடியில் வைத்திருந்தார்கள்? இதைச் சொல்லக்கூடிய அப்பா, அம்மா, பாட்டி இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

பத்து காவானை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் அது கரும்புத் தோட்டம். தமிழர்கள் வெட்டிய கரும்பு. 2014இல் இரண்டாவது பாலம் வந்து இறங்கியது அங்கேதான். இன்று தொழிற்சாலைகளும் ஐக்கியா கடையும் நிற்கின்றன. 24 கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டி நாற்காலி வாங்கப்போகும் குடும்பத்தில், ‘இங்கதான் எங்க தாத்தா...’ என்று முன்னிருக்கையில் ஒருவர் தொடங்குகிறார், மற்றவர்கள் கேட்கவில்லை. எழுதுவதற்கு இப்படி ஒரு கதை பினாங்கைவிட்டால் வேறெங்கும் கிடைக்காது.

பெர்ரி இன்னொரு பெரும் கதைக்கிடங்கு. 1985இல் முதல் பாலம் திறக்கும்வரை தீவுக்கும் பெருநிலத்துக்கும் பெர்ரிதான் வழி. மாடிப்பெர்ரியில் காரை ஏற்றிக்கொண்டு கடல்காற்றில் இறங்கி நின்ற நினைவு பெற்றோருக்கு உண்டு. 2021 தொடங்கியதிலிருந்து கார்கள் பெர்ரியில் ஏறுவதில்லை. 2023இல் வந்த புதிய பெர்ரிகள் பயணிகளையும் மோட்டார்களையும் சைக்கிள்களையும்தான் ஏற்றுகின்றன. பெற்றோர் கண்ட பயணத்தைப் பிள்ளைகள் காண முடியாது. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் இன்னும் சில ஆண்டுகளில் போய்விடும்.

அப்படிக் கேட்டுவரச் சொன்னபோது மாணவி ஒருத்தி திரும்பி வந்து சொன்னது என்னை உலுக்கியது. 1988 ஜூலை 31ஆம் நாள் பட்டர்வொர்த் பெர்ரி முனையத்தின் மேடை இடிந்து விழுந்து 32 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன்ஸ் மாதா கோயில் திருவிழாவுக்கும் சீனர் திருவிழாவுக்குமாக அன்று கூட்டம் நெரிந்தது. அவள் பாட்டி அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார். செருப்பு அறுந்துபோனதால் ஓரமாக ஒதுங்கி நின்றவர் தப்பித்திருக்கிறார். குடும்பத்தில் யாருக்கும் இது தெரியாது. பேத்தி ‘பாட்டி, நீங்க பெர்ரியில போன கதைய சொல்லுங்க’ என்று கேட்டபோதுதான் முதல்முறையாகச் சொன்னாராம். இத்தகைய கதை கையில் வந்தால் ஆசிரியர் நிதானமாக இருக்க வேண்டும். அதை வகுப்பில் உரக்கப் படிக்கலாமா என்று பாட்டியிடம் அனுமதி கேட்டுவரச் சொன்னேன். எழுதுகிறவர் பிறர் வாழ்க்கையைத் தொடும்போது கேட்க வேண்டிய அனுமதி அது. அதையும் புனைவு வகுப்பில்தான் கற்க முடியும்.

நிஜமாகவே ஒரு பயணம் போக முடிந்தால் போங்கள். அதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஜார்ஜ் டவுன் ஜெட்டியில் 101 பேருந்தில் ஏறினால் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பகாங். அங்கே 501 பிடித்தால் மலைவளைவுகளில் ஏறி இறங்கி, டுரியான் தோப்புகளைக் கடந்து பாலிக் புலாவ். அங்கிருந்து 401ஈ, பாயான் லெப்பாஸ் வழியாக மறுபடியும் ஜெட்டி. தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். பெற்றோர் ஒப்புதலும் கல்வி அலுவலக அனுமதியும் வாங்கும் அலைச்சல் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சனிக்கிழமைக்காக அதைச் செய்யத் தகும். ஒரு நிபந்தனை: பேருந்தில் கைப்பேசியால் படம் எடுக்கக் கூடாது. படம் எடுத்த கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. சிறு நோட்டும் பேனாவும் போதும். வாக்கியம் வேண்டாம், கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் மட்டும் குறிக்கட்டும்.

நகரத்தையே வகுப்பறையாக்கும் முயற்சி நமக்குப் புதிதில்லை. ஜேனட் பிள்ளையும் அவர் நிறுவிய ஆர்ட்ஸ்-எட் அமைப்பும் ‘அனாக்-அனாக் கோத்தா’ என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஜார்ஜ் டவுன் தெருக்களுக்கு அழைத்துப்போய், கைவினைஞர்களையும் முதியவர்களையும் சந்திக்கவைத்து, கண்டதையும் கேட்டதையும் கலையாக்கச் செய்தார்கள். உலகப் பாரம்பரிய நகரம் என்ற தகுதி 2008இல் கிடைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்தது. தமிழ் வகுப்பில் அதைத் தமிழில் செய்வதற்கு என்ன தடை?

போய்வந்த பிறகு எழுதுவதுதான் நீண்ட வேலை. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் வடக்கு நோக்கி நெடுநடை போனார். அதைப் பற்றிய சிறு நூலைச் செதுக்க ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அவர் 1694இல் மறைந்த பிறகு, 1702இல்தான் அது அச்சானது. அவரோடு நடந்த சோரா தனியாக ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். அது 1943இல் வெளியானபோது, பாஷோ பல இடங்களில் நாளையும் நிகழ்ச்சியையும் மாற்றியிருந்தது தெரிந்தது. இதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். ‘நடந்ததை அப்படியே எழுதணுமா சார்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். முதல் வரைவு சோராவுடையதாக, நடந்தது நடந்தபடி இருக்கட்டும். இரண்டாவது வரைவில் இரண்டு நிறுத்தங்களை ஒன்றாக்கலாம், மழையைக் கொண்டுவரலாம், சித்தப்பாவை வண்டியிலிருந்து இறக்கிவிடலாம். கற்பனை அங்கேதான் வேலை செய்கிறது, உண்மையின் மேல் நின்றுகொண்டு.

நம் கடலையே களமாகக் கொண்ட ப. சிங்காரத்தையும் வாசிக்கக் கொடுங்கள். இளமையில் மேடானில் வேலை பார்த்தவர். ‘புயலிலே ஒரு தோணி’யில் தொங்கான் என்னும் தோணி மேடான் பக்கமிருந்து பினாங்கை நோக்கி வரும்போது புயலில் சிக்கும் பகுதியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். வாக்கியங்கள் அலையோடு சேர்ந்து எப்படி உடைகின்றன என்பதைப் பிள்ளைகள் காதால் உணர்வார்கள். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ பினாங்கிலேயே நடக்கும் கதை. தாங்கள் தினமும் கடக்கும் தெரு தமிழ் நாவலில் இருக்கிறது என்பதை நம் மாணவர்களில் பெரும்பாலோர் அறியாமலே படிவம் ஐந்தை முடித்துவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம்.

தேர்வு என்ன ஆவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு பாடநேரத்துக்கு வெளியே நடக்கிறது. கிடைக்கும் நேரத்தில் எஸ்.பி.எம். கேள்விகளை முடிப்பதே சிரமம். ஆனாலும் கட்டுரைத்தாளைத் திருத்துகிறவரும் மனிதர்தான். ஒரே தென்றலை நூறு தாளில் கண்டு சலித்தவருக்குக் காலிடுக்கில் மீன் குழம்புச் சட்டி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தன் கண்ணால் பார்த்ததை எழுதிப் பழகிய மாணவர் கருத்துக்கட்டுரையிலும் பொத்தாம்பொதுவாக எழுதமாட்டார். ஒரு தவணைக்கு ஒரு பயணக் கதை போதும். முதல் வரைவில் சிவப்பு மையை எடுக்காதீர்கள். இந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாது என்று தோன்றும் வாக்கியங்களுக்குக் கீழே மட்டும் பச்சை மையால் கோடிடுங்கள். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு கோடு விழுந்தாலும் போதும். அடுத்த வரைவில் அது மூன்றாகும். பிழைதிருத்தம் அதற்குப் பிறகு.

1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். நாளிதழ் வழியாக, முகம் தெரியாத மாணவர்களுக்கு, கதை எப்படி எழுதுவது என்று பாடம் சொன்னார்கள். தோட்டங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் எழுதிப் பழகியவர்கள் பிறகு மலேசியத் தமிழ்ச் சிறுகதையைக் கட்டி எழுப்பினார்கள். அவர்களிடம் அச்சுத்தாளும் தபால்தலையும்தான் இருந்தன. உங்களிடம் மாணவர்கள் நேரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வரும் பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம், ‘விடுமுறையில் நான் சென்ற இடம்’ என்ற தலைப்பைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து, கடைசியாக எந்த வண்டியில், எந்த இருக்கையில், யார் பக்கத்தில் உட்கார்ந்து போனாய் என்று கேளுங்கள். பதிலை எழுதிவரச் சொல்லுங்கள். நல்ல கதைகள் சேர்ந்தால் பினாங்குப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சிறு தொகுப்பாக அச்சிடுவோம். தொகுக்கவும் பிழைதிருத்தவும் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.